ஒரே வாசல், இரண்டு அறைகள்: வடகொழும்பு மருத்துவமனை ஒன்றில் இரவு நேர முதன்மைச் சிகிச்சை

பின்னணி

கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, கிராண்ட்பாஸ், மட்டக்குளி, முகத்துவாரம் ஆகிய பகுதிகளில் தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளிலும் ஒழுங்கைகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பல, நாட்சம்பளத்தை நம்பி இருப்பவை. புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமைகள், மொத்தக் கடைகளின் உதவியாளர்கள், முச்சக்கர வண்டி ஓட்டுநர்கள், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள். இவர்கள் காலையில் வெளிநோயாளர் பிரிவின் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். அதனால் காய்ச்சலோ இருமலோ மாலை வரை பொறுத்துக்கொள்ளப்படுகிறது. வேலை முடிந்து வந்ததும் தெருமுனை டிஸ்பென்சரி, அதாவது தனியார் மருத்துவர் பார்த்து மருந்தும் கொடுக்கும் இடம். அது மூடியிருந்தால், அல்லது கையில் காசில்லை என்றால், அரச மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு.

மாலை 4 மணிக்குப் பிறகு கொழும்பில் முதன்மைச் சிகிச்சை, அதாவது காய்ச்சல், இருமல் போன்றவற்றுக்கு முதலில் நாடும் சிகிச்சை என்பது ஏறத்தாழ முழுவதும் தனியார் கையில்தான் இருக்கிறது. அரச மருத்துவர்கள் கடமை நேரத்துக்கு வெளியே தனியாகத் தொழில் பார்க்க 1977இல் அனுமதி கிடைத்தது. பகலில் அரச மருத்துவமனையில் இலவசமாகப் பார்க்கும் அதே மருத்துவரை மாலையில் காசு கொடுத்துப் பார்க்கும் வழக்கம் அதிலிருந்து வேரூன்றியது. மாநகர சபையின் இலவச மருந்தகங்கள் இருக்கின்றன. அவையும் பகல் நேரச் சேவைகளே. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய, 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை ஆபத்தான நோயாளியை விரைவாகக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆபத்தில்லாத நோயாளி இரவு எட்டு மணிக்கு எங்கே போவது என்பது அதனுடைய வேலை அல்ல.

வெளிநாட்டு முன்மாதிரிகள் இந்த இடத்தில்தான் நம்மைக் கைவிடுகின்றன. டென்மார்க் 1992இல் இரவு நேரப் பொது மருத்துவச் சேவையைப் பெரிய கூட்டுறவுகளாக மாற்றியமைத்தது; தொலைபேசியை எடுத்துப் பேசியவரே மருத்துவர். நெதர்லாந்திலும் 2000ஆம் ஆண்டையொட்டிப் பொது மருத்துவர்கள் கூட்டுறவுகளாகச் சேர்ந்தார்கள்; அந்த நிலையங்களில் பல மருத்துவமனை அவசரப் பிரிவின் அருகிலேயே இருக்கின்றன. இங்கிலாந்தில் 2004 ஒப்பந்தத்துக்குப் பிறகு பெரும்பாலான பொது மருத்துவர்கள் இரவுப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார்கள். மூன்று நாடுகளிலும் ஏறத்தாழ ஒவ்வொருவரும் ஒரு பொது மருத்துவரிடம் பதிவு செய்திருக்கிறார் என்பதே அடித்தளம். நெதர்லாந்தில் இன்னொன்றும் உண்டு: அவசரப் பிரிவுக்குப் போனால் காப்புறுதியின் தொடக்கத் தொகையை நோயாளியே கட்ட நேரலாம், பொது மருத்துவரிடம் போனால் அது இல்லை. கொழும்பில் காசு நேர் எதிர்த்திசையில் தள்ளுகிறது. டிஸ்பென்சரிக்குக் கட்டணம், அவசரப் பிரிவு இலவசம். இதைக் கணக்கில் எடுக்காமல் 'மக்களை அறிவூட்டுவோம்' என்று கூட்டங்களில் பேசப்பட்டதை நான் பொறுமையில்லாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இங்கே பதிவாவது வடகொழும்பு அரச மருத்துவமனை ஒன்றில், அவசர சிகிச்சைப் பிரிவை ஒட்டி ஒரு முதன்மைச் சிகிச்சை அறை திறக்கப்பட்ட நிகழ்வு. திட்டமிட்ட சிறு குழுவில் வெளிநோயாளர் பிரிவின் சார்பில் நானும் இருந்தேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

இரவில் வந்தவர்கள்

அறை திறக்கும் முன்னர், மாலை 6 மணிக்கும் 11 மணிக்கும் இடையே வந்தவர்களின் பதிவேட்டை ஒரு தாதிய உத்தியோகத்தரும் ஒரு மருத்துவ அதிகாரியும் பல வாரங்கள் உட்கார்ந்து படித்தார்கள். இவர்கள் தேவையில்லாமல் வருகிறார்கள் என்ற பேச்சு ஊழியர்களிடையே நீண்ட காலமாக இருந்தது. பதிவேடு அதற்கு இடம் கொடுக்கவில்லை. முதல் நாள் காய்ச்சலுடன் குழந்தைகள், இழுப்பு வந்தவர்கள், கடையில் பெட்டி விழுந்து கால் நகம் பெயர்ந்தவர், வயிற்றோட்டம். இவற்றோடு நாங்கள் எதிர்பார்க்காத ஒரு கூட்டமும் இருந்தது: பிரஷர் குளிசையும் சீனி வியாதிக் குளிசையும் முடிந்துபோய், மாதாந்தக் கிளினிக்கின் மருந்துகள் பதியப்படும் கிளினிக் கொப்பியோடு வந்தவர்கள். கிளினிக் நாளன்று வேலையை விட முடியவில்லை. குளிசை முடிந்து பத்து நாளாயிற்று. இன்று தலை சுற்றுகிறது. இதில் தேவையில்லாதது எது?

அவசரப் பிரிவு மருத்துவருக்கு இதனால் நேர்ந்தது வேறு வகையான சுமை. நோயாளியின் தொகையைவிட இடையீடுதான் பிரச்சினை. மூச்சுத்திணறலோடு வந்தவருக்கு ஒட்சிசன் வைத்துக்கொண்டிருக்கும்போதே தோளில் தட்டி ஒரு கிளினிக் கொப்பி நீட்டப்படும். கையெழுத்துப் போடத் திரும்புவார். அந்த நேரத்தில் கை வேலை நிற்கும்.

இன்னொரு விடயமும் தெளிவாயிற்று. இரவில் மருத்துவமனையின் பிரதான மருந்தகம் மூடியிருக்கும். பார்த்து முடித்த நோயாளிக்கு வெளி பாமசிக்குத் துண்டு எழுதிக் கொடுக்கப்படும். காசில்லாதவர் அதை வாங்காமல் மறுநாள் காலை வெளிநோயாளர் வரிசையில் நிற்பார். ஒரே காய்ச்சலுக்கு இரண்டு பதிவு, இரண்டு மருத்துவர், நடுவில் மருந்தில்லாத ஓர் இரவு.

முதல் ஏற்பாடு: இரண்டு வாசல்கள்

முதல் வரைபடத்தில் இரண்டு வாசல்கள் இருந்தன. அவசரப் பிரிவுக்கு ஒன்று, பக்கத்து நடைபாதையில் முதன்மைச் சிகிச்சை அறைக்கு ஒன்று. மூன்று மொழிகளிலும் பலகை. நோயாளியே படித்துத் தனக்குரிய வாசலைத் தேர்ந்துகொள்வார் என்பது எண்ணம். கட்டட வசதிக்கும் அதுவே ஏற்றதாக இருந்தது. புதிதாகச் சுவர் உடைக்க வேண்டியதில்லை.

இந்த ஏற்பாடு நீடிக்காமல் போனதற்குக் காரணம் ஒரே ஒரு நோயாளி. ஐம்பது வயதைக் கடந்த நாட்டாமை ஒருவர். முதன்மைச் சிகிச்சை அறையின் முன் வரிசை சிறியதாக இருந்ததால் அங்கே போய் உட்கார்ந்தார். பதிவில் அவர் சொன்னபடியே 'வாய்வு' என்று எழுதப்பட்டது. அரை மணி நேரத்துக்கு மேல் வாங்கில் காத்திருந்தார். முறை வந்து உள்ளே வந்ததும் வாய்வுக் குளிசை கேட்டார். மேசைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சேர்ட்டின் கழுத்துப்பட்டி நனைந்து தோலோடு ஒட்டியிருந்தது. மருத்துவர் மருந்துத் துண்டை எழுதத் தொடங்கியவர், பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்: 'ஐயா, எப்படி வந்தீர்கள்?' ஆமர் வீதியிலிருந்து நடந்து வந்ததாகவும் வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கியதாகவும் அவர் சொன்னார். ஈ.சி.ஜி. எடுத்தபோது மாரடைப்பு. அஸ்பிரின் உள்ளிட்ட மருந்துகள் உடனே கொடுக்கப்பட்டு, இதய சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். பிழைத்துக்கொண்டார்.

நெஞ்சுக் கோளாறோடு வருபவருக்கு வந்து பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்கப்பட வேண்டும் என்பது அவசர மருத்துவத்தின் பொதுவான அளவுகோல். இவர் அந்த நேரத்தை வாங்கிலேயே கடந்திருந்தார். பின்னர் நடந்த கலந்துரையாடலில் பலகையின் எழுத்தைப் பெரிதாக்கலாம், பதிவு எழுதுபவருக்கு எச்சரிக்கைப் பட்டியல் கொடுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அவசரப் பிரிவின் தலைமைத் தாதி அதை ஏற்கவில்லை. தனக்கு வந்திருப்பது ஆபத்தா இல்லையா என்பதைத் தெரிந்துகொள்ளத்தானே மனிதர் மருத்துவமனைக்கு வருகிறார், அந்தத் தீர்ப்பை வாசலிலேயே அவரிடம் கேட்பது என்ன நியாயம் என்றார். அதற்கு யாரிடமும் பதில் இருக்கவில்லை.

மாற்றம்: ஒரே வாசல்

நடைபாதை வாசல் பூட்டப்பட்டது. எல்லோரும் ஒரே வாசலால் வருவது, பெயர் பதிவதற்கு முன்னரே அனுபவமுள்ள தாதி ஒருவர் பார்ப்பது, அவர் கையில் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், ஒட்சிசன் அளவு, வெப்பநிலை ஆகியவற்றைப் பார்க்கும் கருவிகள் இருப்பது என்று முடிவாயிற்று. ட்ரையேஜ் எனப்படும் இந்த முதற்பார்வைக்குப் பிறகே நோயாளி எந்த அறைக்குப் போவது என்பது முடிவாகும். சந்தேகம் வந்தால் அவசர அறை. அங்கிருந்து முதன்மை அறைக்கு இறக்கி அனுப்பலாம். இரண்டு அறைகளுக்கும் நடுவே கதவு, பூட்டில்லாமல்.

ட்ரையேஜ் மேசையில் தமிழ் பேசும் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும் என்பதையும் எழுத்தில் வைத்தோம். அதுவரை இரவுக் கடமையில் இருந்த தாதியருள் தமிழ் பேசக்கூடியவர்கள் குறைவு. உண்மையில் பல இரவுகளில் நோயாளியின் கதையைக் கேட்டுச் சொன்னவர் தள்ளுவண்டி தள்ளும் சிற்றூழியர்தான். நல்ல மனிதர், கெட்டிக்காரர். ஆனால் அவர் ஒரு நோயாளியை நோயாளர் விடுதிக்குக் கொண்டுபோயிருக்கும் நேரத்தில் வாசல் ஊமையாகிவிடும்.

யார் பார்ப்பது

மிகக் கடினமான முடிவு இதுதான். அவசரப் பிரிவு மருத்துவர்களை முதன்மை அறைக்கு இழுக்கக் கூடாது என்பதில் அந்தப் பிரிவின் பொறுப்பு மருத்துவ நிபுணர் உறுதியாக இருந்தார், சரியான உறுதி. வெளிநோயாளர் பிரிவு மருத்துவ அதிகாரிகளை மேலதிக நேரக் கொடுப்பனவில் அமர்த்துவது இயல்பான வழியாகத் தெரிந்தது. ஆனால் மாலை 6 முதல் 9 வரை என்பது அவர்களில் பலர் தங்கள் டிஸ்பென்சரியில் உட்காரும் நேரம். அந்த வருமானத்தோடு மேலதிக நேரக் கொடுப்பனவு போட்டி போட முடியாது. இதைக் கூட்டத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வீட்டில் வேலை, தூரம், உடல்நலம் என்று காரணங்கள் வந்தன. காரணம் என்னவென்று மேசையைச் சுற்றி இருந்த எல்லோருக்கும் தெரியும்.

இறுதியில் பட்டியல் இரண்டு வகையினரால் நிறைந்தது. பட்டமேற்படிப்புப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்த, தனித்தொழில் இன்னும் தொடங்காத இளையவர்கள். ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருந்த, மாலைத் தொழிலை விட்டுவிட்ட மூத்தவர்கள். இந்தச் சேர்க்கை எதிர்பாராத நன்மையாக அமைந்தது. நாட்டாமையிடம் 'எப்படி வந்தீர்கள்' என்று கேட்டவர் மூத்தவர்களில் ஒருவர்.

மருந்துக்குத் தீர்வு எளிதாகக் கிடைத்தது. பரசிட்டமோல், வயிற்றோட்டத்துக்கான ஜீவனி, இழுப்புக்கான மருந்து, வழக்கமான பிரஷர், சீனி வியாதிக் குளிசைகள் என்று சிறு தொகுதி ஒன்றை மருந்தாளர் பகலிலேயே மூன்று நாளைக்குரிய பைகளாகக் கட்டி, பெயர் எழுதி, அலுமாரியில் வைத்துவிட்டுப் போவார். கிளினிக் கொப்பியோடு வருபவருக்கு மூன்று நாள் மருந்தும் அடுத்த கிளினிக் திகதியும் கொடுக்கப்படும். ஒரு மாதத்துக்குக் கொடுத்தால் கிளினிக்கே இரவுக்கு வந்துவிடும் என்று மருந்தாளர் பயந்தார். பயத்தில் உண்மை இருந்தது.

பெயரில்லாக் குளிசைகள்

அறை திறந்த பிறகு வந்த டெங்குப் பருவத்தில் நடந்தது இது. ஒன்பது வயதுச் சிறுவன், நான்காம் நாள் காய்ச்சல், இரவு ஒன்பதரை மணியளவில் அம்மம்மாவோடு வந்தான். தாய் கடையில் வேலை முடிந்து இன்னும் வரவில்லை. அன்று மத்தியானம் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று அம்மம்மா ஆறுதலாகச் சொன்னார். வயிற்றுவலியும் இரண்டு முறை வாந்தியும் வந்ததால்தான் கொண்டுவந்தாராம்.

டெங்குவைப் பார்த்துப் பழகிய எவருக்கும் அந்த ஆறுதல் கலக்கத்தையே தரும். காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பாகம் கசியத் தொடங்கும். அடுத்த 24 முதல் 48 மணித்தியாலங்கள் ஆபத்துக் கட்டம். வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவை அதன் முன்னறிகுறிகள். இலங்கையில் 2017இல் 180,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவான ஆண்டில் வேலை செய்த தாதியர் இதை மறக்கமாட்டார்கள். ட்ரையேஜ் தாதி சிறுவனின் கையைத் தொட்டுப் பார்த்தார், விரல்கள் குளிர்ந்திருந்தன. நேரே அவசர அறைக்கு அனுப்பினார்.

'அம்மா, பிள்ளைக்கு என்ன மருந்து கொடுத்தீர்கள்?' அம்மம்மா பர்ஸைத் திறந்து சிறு காகித உறைகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். இரண்டு டிஸ்பென்சரிகளில் கொடுத்தவை. உறைகளின் மேல் பேனாவால் 1 × 3, ½ × 2 என்று மட்டும் எழுதியிருந்தது. மருந்தின் பெயர் எதிலும் இல்லை. ஒன்றில் வெள்ளைக் குளிசை. இன்னொன்றில் இளமஞ்சள் நிறக் குளிசை, பாதியாக உடைத்தது. 'வெள்ளை காய்ச்சலுக்கு, மஞ்சள் உடம்பு நோவுக்கு என்றார்கள் மகள். மஞ்சளைக் கொடுத்தால் பிள்ளைக்குச் சுகமாக இருந்தது.' டிஸ்பென்சரிகளின் தொலைபேசிகளை அந்த நேரத்தில் யாரும் எடுக்கவில்லை.

டெங்கு சந்தேகம் உள்ளவருக்குப் பரசிட்டமோல் தவிர வேறு காய்ச்சல், வலி மருந்துகள் கொடுக்கக் கூடாது. ஐபுபுரோபென், டைக்லோபெனாக், மெபனமிக் அசிட் போன்றவை வயிற்றுக்குள் இரத்தக் கசிவை வரவழைக்கக்கூடும். மஞ்சள் குளிசை எதுவென்று தெரியாததால், அப்படிப்பட்ட மருந்தொன்றை எடுத்திருக்கிறான் என்றே வைத்துக்கொண்டு சிகிச்சை தொடங்கியது. இரத்தத் தட்டுக்கள் ஒரு இலட்சத்துக்குக் கீழே இருந்தன, இரத்தம் தடித்திருந்தது. சிறுவர் விடுதியில் மணிக்கு மணி நீர் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். கசிவுக் கட்டம் கடந்தது; சில நாட்களில் வீடு திரும்பினான். மறுநாள் காலை டிஸ்பென்சரி மருத்துவரோடு பேசியபோது மஞ்சள் குளிசை மெபனமிக் அசிட் என்பது தெரிந்தது. முதல் நாள் கொடுக்கும்போது அது டெங்கு என்று எவருக்கும் தெரிந்திருக்க முடியாது என்று அவர் சொன்னார். முதல் நாளில் தெரியாது என்பதால்தான் பரசிட்டமோலோடு நிறுத்த வேண்டும் என்பது எங்கள் பதில். உரையாடல் மரியாதையாகவே முடிந்தது.

டிஸ்பென்சரிகளோடு பேச்சு

அறையின் சுவர்களுக்குள் எதைத் திருத்தினாலும் இது தீராது என்பது அந்தச் சிறுவனால் விளங்கியது. இரவில் வருகிற பலர் ஏற்கெனவே ஒரு மருத்துவரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். அந்த மருத்துவர் என்ன நினைத்தார், என்ன கொடுத்தார் என்பது வழியில் தொலைந்துபோகிறது. சுற்றுவட்டார டிஸ்பென்சரி மருத்துவர்களை அழைத்துப் பேசினோம். கேட்டது இரண்டு: உறையில் மருந்தின் பெயரை எழுதுங்கள், காய்ச்சல் நோயாளிக்கு ஒரு சிறு அட்டையில் தொடங்கிய திகதி, கொடுத்த மருந்து, இரத்தப் பரிசோதனை முடிவு ஆகியவற்றைக் குறித்துக் கொடுங்கள். பதிலுக்கு, அவர்கள் அனுப்புகிறவருக்கு நாங்கள் ஒரு பதில் துண்டு கொடுப்போம். இரவில் அவசரப் பிரிவைத் தொடர்புகொள்ள ஒரு நேரடி இலக்கமும்.

அட்டையைப் பலர் ஏற்றுக்கொண்டார்கள். பெயர் எழுதுவதைச் சிலர் மறுத்தார்கள். காரணத்தை ஒளிக்கவில்லை. பெயர் தெரிந்தால் அடுத்த காய்ச்சலுக்கு நோயாளி நேரே பாமசிக்குப் போவார். மருத்துவரின் கட்டணம் மருந்தோடு சேர்ந்தே வாங்கப்படுவதால் பிழைப்பு போய்விடும். ஒருவர் இன்னும் வெளிப்படையாக, 'நீங்கள் இலவசமாக இரவு அறை திறந்து எங்கள் நோயாளர்களை எடுத்துக்கொண்டீர்கள், இப்போது குளிசையின் பெயரையும் கேட்கிறீர்கள்' என்றார். அவர் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. என்றாலும் உறையில் பெயர் இருக்க வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்க முடியாது. காய்ச்சலுக்குக் கொடுக்கும் மருந்துக்கு மட்டுமாவது பெயர் எழுதுவது என்ற இடத்தில் பேச்சு நின்றது.

பின்னர்

அவசர அறையில் இடையீடுகள் குறைந்தன. இதைத் தாதியரும் மருத்துவர்களும் ஒருமித்துச் சொன்னார்கள். வெளிப் பாமசிக்குத் துண்டு எழுதுவது பெரும்பாலும் நின்றது. ஆனால் வருவோரின் மொத்தத் தொகை குறையவில்லை, கூடியது. இரவில் மருந்தும் தருகிறார்கள் என்ற செய்தி ஒழுங்கைக்கு ஒழுங்கை பரவிவிட்டது. முன்பு மாலையில் காசு கொடுத்துப் பார்த்த சிலரும், முன்பு எங்குமே போகாமல் பொறுத்துக்கொண்டிருந்த சிலரும் வந்தார்கள். கூட்டத்தைக் குறைக்கவே அறை திறக்கப்பட்டது என்று மேலிடத்துக்கு எழுதியிருந்ததால், இந்தக் கூடுதல் தோல்வியாக வாசிக்கப்பட்டது. பிரஷர் குளிசை இல்லாமல் வீட்டில் இருந்தவர் வந்து வாங்கிப் போவதைத் தோல்வியாக எழுத எனக்கு மனம் வரவில்லை. திட்ட முன்மொழிவில் நோக்கத்தை வேறு விதமாக எழுதியிருந்தால் அதே எண் வெற்றியாக வாசிக்கப்பட்டிருக்கும்.

சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் ஏற்பாடு குலைந்தது. பட்டியலில் இருந்த மருத்துவர்கள் ஊருக்குப் போய்விட, டிஸ்பென்சரிகளும் மூடியிருக்க, அறை பூட்டிக் கிடந்தது. தேவை அதிகமாக இருந்த நாட்களில்தான் அது இல்லை. பௌர்ணமி விடுமுறையான போயா தினங்களிலும் ஞாயிறுகளிலும் இதே நிலை சிறிய அளவில் திரும்பத் திரும்ப வந்தது. ட்ரையேஜ் பயிற்சி பெற்ற தாதியர் வருடாந்த இடமாற்றத்தில் போனபோது வாசலில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

மாற்ற வேண்டியவை

இன்னோரிடத்தில் இதைத் தொடங்குகிறவர்கள் அறையைத் தேடுவதற்கு முன் ட்ரையேஜ் தாதியரைத் தேட வேண்டும். ஓர் ஆண்டுக்கு இடமாற்றத்திலிருந்து விலக்குப் பெற்றவர்களாக, அவர்களில் பாதிப் பேராவது தமிழில் நோயாளியோடு பேசக்கூடியவர்களாக இருக்க வேண்டும். டிஸ்பென்சரி மருத்துவர்களை நாங்கள் சிறுவனின் நிகழ்வுக்குப் பிறகுதான் அழைத்தோம். அவர்கள் முதல் கூட்டத்திலேயே உட்கார வேண்டியவர்கள். அவர்களில் விருப்பமுள்ளவர்களைக் கட்டணத்தோடு இரவு அறைப் பட்டியலில் சேர்க்க வழி இருந்தால் இழப்பும் கோபமும் ஓரளவு தணியும். அரச மருத்துவமனைக்குள் வெளி மருத்துவரை அமர்த்துவதற்கான பொறுப்பும் கொடுப்பனவும் எந்த விதியின் கீழ் வரும் என்பதில் அந்த யோசனை நிற்கிறது.

இரவு நேர இரத்தப் பரிசோதனைக்கும் தனி ஒழுங்கு தேவை. விடுதிகளின் மாதிரிகளோடு சேர்ந்து போகும்போது காய்ச்சல் நோயாளியின் முடிவு நள்ளிரவைத் தாண்டி வருகிறது. அதற்குள் கடைசி பஸ் போய்விடுகிறது. மட்டக்குளிக்கு நடந்து போக முடியாதவர்கள் முடிவு வருமுன்னே புறப்பட்டுவிடுகிறார்கள்.

இப்போது அறை திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை 6 முதல் இரவு 11 வரை திறக்கிறது. சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களுக்கு மேலதிக நேர ஒதுக்கீட்டைக் கேட்ட கடிதம் மேலிடத்தில் இருக்கிறது.